“தேதியைக் குறிச்சு வெச்சுக்கோங்க” என்றால் புக்கிங் ஆகிவிடுமா?

(நம் சங்கத்தின் ‘நம்மவர் தொழில்’ வரிசையில் மூன்றாவது உரை இது. சென்ற காலாண்டுக் கூட்டம் முடிந்ததும் கிளப் ஹவுஸில் பேசியதை எழுத்தாக்கித் தருகிறோம். பேசியவர் பி பிளாக்கில் வசிப்பவர். 16 ஆண்டுகளாகத் திருமணப் புகைப்படத் தொழிலில் இருக்கிறார். உரையில் வரும் டி பிளாக் குடும்பத்தின் சம்மதத்துடன் அந்தப் பகுதி வெளியாகிறது.)



தண்ணீர் லாரிக் கணக்கும் லிஃப்ட் பராமரிப்புக் கணக்கும் முடிந்து, சுண்டல் வருவதற்கு முன்னால் இருக்கிற அரை மணி நேரத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். சுண்டல் வாசனை வந்ததும் நானே நிறுத்திவிடுகிறேன்.

செயலாளர் மேடம் என்னிடம் கேட்டுக்கொண்டது இதுதான்: “கேமரா, லென்ஸ் பற்றியெல்லாம் வேண்டாம். ஒருத்தர் உங்களுக்கு போன் செய்வதிலிருந்து வேலை உறுதியாகிற வரைக்கும் என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள். நம் அப்பார்ட்மெண்டில் கேக் செய்து தருகிறவர்கள், தையல், மெஹந்தி, டியூஷன் என்று நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் உதவும்.” சரி என்றேன். இன்னொரு பாதிப் பேர் வீட்டில் கல்யாணம் வைத்திருக்கிறீர்கள் அல்லது வைக்கப்போகிறீர்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இரண்டுக்கும் ஒரே விஷயம்தான்.

முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். இதில் பாதிப் பேருக்கு அது தெரியும்.

2014 ஐப்பசி மாசம். நான் இங்கே குடிவந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. லிஃப்டில் டி பிளாக் சார் ஒருவர், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், என்னைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, தை மாசம் பெரியவளுக்குக் கல்யாணம். நீதான் போட்டோ. தேதியைக் குறிச்சு வெச்சுக்கோ.” தேதியும் சொன்னார். நானும் “கண்டிப்பா சார், ரொம்ப சந்தோஷம்” என்றேன். மூன்றாவது மாடி வந்தது, இறங்கிவிட்டேன். அவ்வளவுதான்.

அவர் மனதில் போட்டோகிராபர் முடிந்துவிட்டது. பட்டியலில் டிக் அடித்துவிட்டார். என் மனதில் அது பக்கத்து வீட்டுக்காரர் அன்பாகச் சொன்ன ஒரு வார்த்தை. நிஜமாகவே வேண்டுமென்றால் வீட்டுக்கு வந்து பேசுவார், அட்வான்ஸ் கொடுப்பார் என்று நினைத்தேன். என் டைரியில்கூட எழுதவில்லை. கார்த்திகையில் வேறொரு குடும்பம் வந்தது, அதே தேதி. முன்பணம் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்.

மார்கழி கடைசியில் டி பிளாக் சாரும் அவர் மனைவியும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைக்க வந்தார்கள். பத்திரிகையைப் பிரித்துத் தேதியைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பிறகு என்ன? மன்னிப்புக் கேட்டேன். என் நண்பர் ஒருவரை ஏற்பாடு செய்து அனுப்பினேன். நல்ல வேலைக்காரர். ஆனால் அவருக்கு அந்தக் குடும்பத்தில் யார் யார் என்று தெரியாது. நானும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை, என் வேலையிலேயே ஓடிக்கொண்டிருந்தேன். 1,400 படம் எடுத்திருந்தார். பெண்ணின் பாட்டி அதில் இரண்டே படத்தில் இருந்தார். ஒன்றில் முதுகு, இன்னொன்றில் பந்தியில் யாரோ ஒருவர் நீட்டிய கைக்குப் பின்னால் பாதி முகம்.

அந்த ஆனி மாசம் பாட்டி தவறிப்போனார். சார் என் வீட்டுக்கு வந்து, “அன்னிக்கு அரக்குப் பட்டு கட்டிக்கிட்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாங்களே, அதுல ஒண்ணு பெரிசு பண்ணிக் கொடு தம்பி” என்றார். ராத்திரி முழுக்கத் தேடினேன். இல்லை. கடைசியில் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கித்தான் மாலை போட்டார்கள்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. ஒரு வருடத்துக்கு லிஃப்டில் பார்த்தால் புன்னகையோடு நிறுத்திக்கொண்டார். பிறகு ஒரு நாள் அவரே சொன்னார்: “எங்க பேங்க்ல நூறு ரூபா கட்டினாலும் ரசீது கொடுப்போம். நம்பிக்கை இல்லாம இல்ல. ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் நினைச்சிருக்கோமான்னு தெரியணுமே, அதுக்குத்தான்.” நான் இன்றைக்குப் பின்பற்றுகிற முறை முழுக்க அந்த ஒரு வாக்கியத்திலிருந்து வந்ததுதான்.

இனி முறையைச் சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் விற்பது படம் இல்லை, தேதி. ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணம் கிடையாது. புரட்டாசியில் பலர் வைப்பதில்லை. மிச்ச மாசங்களில் வளர்பிறை முகூர்த்தத்துக்குத்தான் போட்டி. கிறிஸ்தவக் குடும்பங்கள் பெரும்பாலும் தவக்காலத்தைத் தவிர்ப்பார்கள், முஸ்லிம் குடும்பங்கள் ரமலானைத் தவிர்ப்பார்கள். ஆக, ஒரு நல்ல முகூர்த்த நாளுக்கு 5 குடும்பம் கூப்பிடும், அடுத்த 10 நாள் போனே அடிக்காது. மளிகைக் கடையில் இன்று விற்காத அரிசியை நாளை விற்கலாம். போன முகூர்த்தத்தை விற்க முடியாது. அதனால்தான் தேதி விஷயத்தில் ஒரு வாய்ப்பேச்சு எங்களையும் உங்களையும் இந்த அளவுக்குப் படுத்துகிறது.

முதல் போன் வரும்போது எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி: “எவ்வளவு ஆகும்?” முன்பெல்லாம் உடனே ஒரு தொகையைச் சொல்லிவிடுவேன். இப்போது 5 விஷயம் கேட்காமல் சொல்வதில்லை. தேதியும் முகூர்த்த நேரமும். மண்டபம் எங்கே, உறுதியாகிவிட்டதா? ரிசப்ஷன் முந்தின நாள் சாயங்காலமா, கல்யாணத்தன்று மாலையா? மாப்பிள்ளை வீட்டார் தனியாக ஒரு போட்டோகிராபரைக் கூட்டி வருகிறார்களா? முடிவெடுக்கப்போவது யார்?

நான்காவது கேள்வி ஏன் என்றால், தாலி கட்டுகிற நேரத்தில் மேடையில் இரண்டு டீம் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்கூட்டியே தெரிந்தால் அந்த டீமுக்கு நானே போன் செய்து, யார் எந்தப் பக்கம் நிற்பது என்று பேசிவிடுவேன்.

ஐந்தாவது கேள்வி அதைவிட முக்கியம். பெண் கேண்டிட் படம் வேண்டும் என்று கூப்பிடுவாள். பணம் கொடுக்கிற அப்பாவுக்கு மேடையில் வரிசையாக நிற்கவைத்து எடுக்கிற டிரெடிஷனல் படம்தான் போட்டோ. இருவரில் ஒருவரிடம் மட்டும் பேசி புக்கிங் வாங்கினால், ஆல்பம் கொடுக்கிற அன்று மற்றவரிடம் திட்டு வாங்குவது நிச்சயம். அதனால் இரண்டு பேரும் இருக்கும்போது ஒரு முறை பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். வெளியூரில் இருந்தால் வீடியோ கால்.

அந்தச் சந்திப்பில் நான் காட்டுவது ஒரே ஒரு கல்யாணத்தின் முழுத் தொகுப்பு, அதுவும் அந்தக் குடும்பத்தின் அனுமதி வாங்கியது. இன்ஸ்டாகிராமில் இருக்கிற 20 படம் யாருக்கும் நன்றாகத்தான் இருக்கும். மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடின மண்டபத்தில், விடியற்காலை 4.30 முகூர்த்தத்தில், புகை மண்டின மேடையில் இவர் எப்படி எடுத்திருக்கிறார் என்பது முழுத் தொகுப்பைப் பார்த்தால்தான் தெரியும். போட்டோகிராபர் தேடுகிறவர்கள் தயவுசெய்து இதைக் கேளுங்கள். கூடவே, “எடுக்க நீங்களே வருவீர்களா, வேறு யாரையாவது அனுப்புவீர்களா?” என்றும் கேளுங்கள்.

முடியாததையும் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன். பல்லாவரம், குரோம்பேட்டை பக்கம் மண்டபம் என்றால் ட்ரோன் கிடையாது. விமான நிலையத்துக்கு அருகில் அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது. “எல்லாரும் விடறாங்களே” என்பார்கள். இந்த ஒரு காரணத்துக்காக இரண்டு புக்கிங் போயிருக்கிறது. போகட்டும்.

அடுத்தது கொட்டேஷன். அதைச் சந்திப்பு முடிந்த மறுநாளே அனுப்புவேன். எத்தனை பேர் வருவோம், எத்தனை மணி நேரம், எத்தனை படம் திருத்திக் கொடுப்போம், ஆல்பத்தில் எத்தனை பக்கம், எத்தனை வாரத்தில் கிடைக்கும், கூடுதல் நேரம் ஆனால் எவ்வளவு, எல்லாம் ஒரே பக்கத்தில். வரியும் அதிலேயே தெரிய வேண்டும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். எங்கள் தொழிலுக்கு 18 சதவீதம். 1,00,000 ரூபாய் வேலை என்றால் நீங்கள் கொடுப்பது 1,18,000. இதைக் கடைசி பில்லில் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? சேவைக்கு வாங்குகிற அட்வான்ஸுக்கே வரி உண்டு என்பது இங்கே தொழில் செய்கிற பலருக்குத் தெரியாது. பதிவு செய்தவர்கள் உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொட்டேஷன் அனுப்பியதிலிருந்து 5 நாள் அந்தத் தேதியை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பேன். இலவசமாகத்தான். ஆனால் அதை எழுத்தில் சொல்வேன்: “இந்தத் தேதி உங்களுக்காக இன்ன நாள் மாலை 6 மணி வரை காத்திருக்கும். அதற்குள் ஒப்பந்தமும் முன்பணமும் வந்தால் புக்கிங் உறுதி. இல்லையென்றால் தேதி மற்றவர்களுக்குத் திறக்கும்.” நாலாவது நாள் ஒரு நினைவூட்டல் அனுப்புவேன். இப்படி எழுதினால் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று பயந்தேன். அப்படி ஆகவில்லை. வேண்டாம் என்று நினைத்தவர்கள் வேண்டாம் என்று சீக்கிரமே சொல்லிவிட்டார்கள். இழுத்தடிப்புதான் குறைந்தது.

ஒப்பந்தம் என்றதும் ஸ்டாம்ப் பேப்பர், வக்கீல் என்று நினைக்க வேண்டாம். எங்களுடையது இரண்டு பக்கம், தமிழில். என்ன வேலை, எவ்வளவு பணம், எப்போது பணம், தேதி மாறினால் என்ன, ரத்தானால் என்ன, என்னால் வர முடியாமல் போனால் என்ன. கடைசியாகச் சொன்னதைப் பல பேர் எழுதுவதே இல்லை. வாடிக்கையாளர் ரத்து செய்தால் என்ன என்று மட்டும் எழுதுவார்கள். எனக்கு டெங்கு வந்துவிட்டால்? என் ஒப்பந்தத்தில், நான் வர முடியாவிட்டால் என் அளவுக்கு அனுபவமுள்ள இன்னொருவரை உங்கள் சம்மதத்தோடு அனுப்புவேன், உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று இருக்கிறது.

பணம் மூன்று தவணை. புக்கிங் அன்று 30 சதவீதம், கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் 50, ஆல்பம் கையில் கொடுக்கும்போது 20. அந்தக் கடைசி 20 என் கழுத்தில் கட்டின மணி மாதிரி. அது பாக்கி இருந்தால்தான் நானும் ஆல்பத்தைச் சீக்கிரம் முடிப்பேன். முழுப் பணமும் முன்னாலேயே கேட்கிறவரிடம் கொஞ்சம் யோசியுங்கள்.

ரத்து விஷயத்துக்கு வருகிறேன். “அட்வான்ஸ் திருப்பித் தரப்படமாட்டாது” என்று பெரிதாக அச்சடித்துவிட்டால் எல்லாம் நமக்குச் சாதகம் என்று தொழில் செய்கிறவர்கள் நினைக்கிறோம். அப்படி இல்லை. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தர வேண்டும் என்று எழுதியிருந்தாலும், அந்தத் தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும் என்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் நஷ்டத்துக்குப் பொருந்தாத அளவுக்கு அபராதம் போடுகிற ஒப்பந்தத்தை நியாயமற்றது என்கிறது. அதனால் நான் இப்படி வைத்திருக்கிறேன்: 90 நாளுக்கு முன்னால் ரத்தானால் 5,000 ரூபாய் போக மிச்சம் திரும்பும். 90 நாளுக்கும் 30 நாளுக்கும் நடுவில் என்றால் முன்பணத்தில் பாதி. 30 நாளுக்குள் என்றால் முன்பணம் திரும்பாது. ஆனால் அதே தேதிக்கு எனக்கு வேறு வேலை கிடைத்துவிட்டால், நிஜச் செலவு போக மீதியைக் கொடுத்துவிடுவேன். ஒரே நாளுக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கிக்கொண்டு தூங்க முடியாது.

இந்த ஒழுங்கெல்லாம் 2020இல் ஒரே வாரத்தில் ஆட்டம் கண்டது. மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு. பங்குனிக் கடைசியிலிருந்து ஆனி வரைக்கும் என் கையில் 9 புக்கிங். ஒன்பது பேரிடமும் முன்பணம் வாங்கியிருந்தேன். ரத்தானால் என்ன என்று ஒப்பந்தத்தில் இருந்தது. தள்ளிப்போனால் என்ன என்று இல்லை. அதைவிட மோசம், அந்த முன்பணத்தில் பெரும் பகுதி என்னிடம் இல்லை. கேமரா தவணைக்கும் வீட்டு இஎம்ஐக்கும் போய்விட்டது.

ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்தேன். “இரண்டு வழி இருக்கிறது. புதுத் தேதி வைத்தால் அதே விலைக்கு வருகிறேன். பணம் வேண்டுமென்றால் தருகிறேன், ஆனால் தவணையாகத்தான் முடியும்” என்றேன். ஆறு பேர் தேதி தள்ளினார்கள். ஒருவர் 50 பேர் வரம்போடு வீட்டிலேயே கல்யாணத்தை முடித்தார், நான் ஒருவன் மட்டும் மாஸ்க் போட்டுக்கொண்டு போய் எடுத்தேன். இரண்டு பேர் பணம் கேட்டார்கள். அவர்களுக்கும் வேலை போயிருந்தது. கொடுத்து முடிக்க 7 மாசம் ஆனது. என் மனைவி நகையை வைத்தாள். இதை இங்கே சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

அதிலிருந்து இரண்டு மாற்றம். ஒன்று, தேதி தள்ளிப்போனால் என்ன என்று ஒப்பந்தத்தில் தனிப் பத்தி: ஒரு வருடத்துக்குள் அதே விலை, புதுத் தேதியில் நான் காலியாக இருந்தால். இரண்டு, முன்பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. வேலை முடிகிற வரைக்கும் அது என் பணம் இல்லை. கேக் ஆர்டர் எடுக்கிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். சாமான் வாங்கத் தேவையானதை மட்டும் எடுங்கள், மிச்சத்தைத் தொடாதீர்கள்.

சரி, புக்கிங் உறுதி. இதோடு முடிந்ததா? இல்லை. பாட்டி விஷயம் இங்கேதான் வருகிறது.

கல்யாணத்துக்கு 3 வாரம் முன்னால் ஒரு படிவம் அனுப்புவேன். ஒரு பக்கம்தான். நிகழ்ச்சி வரிசை: பந்தக்கால், நலங்கு, நிச்சயதார்த்தம், காசி யாத்திரை, ஊஞ்சல், எது உண்டு எது இல்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாறும், நானே தெரிந்தமாதிரி நடந்துகொள்ளக் கூடாது. அன்று எனக்கு வழிகாட்ட இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆள், அவர்களுடைய போன் நம்பர். பெண்ணோ மாப்பிள்ளையோ நம்பர் கொடுத்தால் பயனில்லை, அன்று அவர்கள் எடுக்கமாட்டார்கள். படத்தில் பக்கத்தில் நிற்கவைக்கக் கூடாதவர்கள் யாராவது உண்டா? சிரிக்காதீர்கள், எல்லாக் குடும்பத்திலும் உண்டு.

நான்காவது கேள்வி: “இந்தக் கல்யாணத்தில் படம் தவறவே கூடாத 5 பேர் யார்? ஏன்?”

இந்தக் கேள்விக்கு வருகிற பதில்களைப் படித்தால்தான் எனக்கு அந்தக் குடும்பம் புரிகிறது. “என்னை வளர்த்த பெரியம்மா. மேடைக்கு வரமாட்டாங்க, கூச்சப்படுவாங்க” என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். பெரியம்மா கணவரை இழந்தவர். கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தெரியாமல் போயிருந்தால் நான் அந்தப் பக்கமே திரும்பியிருக்கமாட்டேன். தாலி கட்டுகிற நேரத்தில் என் உதவியாளரை அவரைப் பார்த்தே நிற்கவைத்தேன். ஆல்பத்தில் அந்தப் பெண் முதலில் தேடினது அந்தப் பக்கத்தைத்தான்.

பெரியவர்களின் படத்தை இப்போது நான் கூட்டம் சேருவதற்கு முன்னால், உட்கார்ந்த இடத்திலேயே, தனியாக எடுத்துவிடுகிறேன். 2 நிமிஷ வேலை. படங்கள் ஒரே நேரத்தில் இரண்டு மெமரி கார்டில் பதிவாகும். அன்று ராத்திரியே இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏறும், ஒன்று என் தம்பி வீட்டில் இருக்கும். இதுவும் ஒப்பந்தத்தில் ஒரு வரி.

படம் யாருக்குச் சொந்தம் என்று ஒரு சந்தேகம் எல்லோருக்கும் உண்டு. 1957 பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து ஒருவரை எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான், வேறு மாதிரி ஒப்பந்தம் போடாத வரைக்கும். ஆகவே உங்கள் வீட்டுக் கல்யாணப் படத்தைப் போட்டோகிராபர் தன் விளம்பரத்துக்குப் போட வேண்டுமென்றால் உங்களிடம் கேட்க வேண்டும். என் படிவத்தில் “போடலாம், போடக் கூடாது, முகம் தெரியாத படம் மட்டும் போடலாம்” என்று மூன்று கட்டம் இருக்கிறது. மற்றவர்கள் தரும் ஒப்பந்தத்தில் உரிமை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கையெழுத்துக்கு முன்னால் படியுங்கள்.

தொழில் செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. புக்கிங் என்ற பெயரில் ஏமாற்றுகிறவர்களும் உண்டு. “ராணுவத்தில் இருக்கிறேன், பிறந்தநாள் விழா, அட்வான்ஸ் இப்போதே அனுப்புகிறேன்” என்று ஒரு போன் வரும். விலை பேசவே மாட்டார். பிறகு ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, “ஸ்கேன் செய்து பின் போடுங்கள், பணம் வந்துவிடும்” என்பார். பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் போடவும் வேண்டாம். பின் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்து போகும். அப்படி ஏதாவது நடந்துவிட்டால் உடனே 1930க்குக் கூப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று. தெரிந்தவர்களிடம் எப்படிக் காகிதத்தை நீட்டுவது, தப்பாக நினைத்துக்கொள்ளமாட்டார்களா என்று பலர் கேட்பீர்கள். தெரியாதவரிடம் தகராறு வந்தால் அந்த வேலையோடு போயிற்று. தெரிந்தவரிடம் வந்தால் தினமும் லிஃப்டில் பார்க்க வேண்டும். தெரிந்தவர்களிடம்தான் முதலில் எழுத வேண்டும்.

2019 வைகாசியில் டி பிளாக் சாரின் இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம். சார் என் வீட்டுக்கு வந்தார். கையில் செக். உட்காருவதற்கு முன்னாலேயே, “ஒப்பந்தம் கொண்டா தம்பி, கையெழுத்துப் போடணும். ரசீதும் வேணும்” என்றார். படிவத்தில் நான்காவது கேள்விக்கு ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: “எல்லாப் பெரியவர்களும்.” அன்று மண்டபத்தில் 60 வயதுக்கு மேலே இருந்தவர்கள் 43 பேர். ஒருவரையும் விடவில்லை. சார் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், வேண்டுமானால் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

சுண்டல் வந்துவிட்டது.

உரைக்குப் பின் கேட்கப்பட்டவை

ஏ பிளாக், கேக் தொழில் செய்பவர்: எனக்கு 800, 1,000 ரூபாய் ஆர்டர்தான். அதற்கெல்லாம் ஒப்பந்தமா?

வேண்டாம். வாட்ஸ்அப்பில் 5 வரி போதும்: என்ன கேக், எத்தனை கிலோ, எந்த நாள் எத்தனை மணிக்கு, மொத்தம் எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு. முட்டை போட்டதா போடாததா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். “இது சரி என்றால் ‘சரி’ என்று பதில் அனுப்புங்கள்” என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு மாவை எடுங்கள். வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். ஆனால் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று நிரூபிக்க முடியாது.

சி பிளாக் குடியிருப்பாளர்: வேறொரு போட்டோகிராபரிடம் பணம் கட்டி ஒரு வருடம் ஆகிறது. ஆல்பம் வரவில்லை. என்ன செய்வது?

முதலில் போனில் பேசுவதை நிறுத்திவிட்டு எழுத்தில் கேளுங்கள். இத்தனாம் தேதிக்குள் வேண்டும் என்று நாள் குறிப்பிடுங்கள். கூடவே, திருத்தாத படங்களையாவது உடனே ஒரு டிஸ்கில் வாங்கிவிடுங்கள். ஆல்பம் பிறகு யாரிடமும் போடலாம், படம் அழிந்தால் திரும்ப வராது. அப்படியும் நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே போகலாம். ரசீதும் மெசேஜ்களும் கையில் இருக்க வேண்டும். அதனால்தான் ரசீது, ரசீது என்று அடித்துக்கொள்கிறேன்.

டி பிளாக் குடியிருப்பாளர்: நம் அப்பார்ட்மெண்ட்காரர்களுக்குத் தள்ளுபடி உண்டா?

பயணச் செலவு போடமாட்டேன். ஒப்பந்தத்தில் தள்ளுபடி கிடையாது.